எண்பது பேர்ச் காணியும் நாலு வீடும்

எங்கள் ஒழுங்கையில் நூறு வயதான வீடு ஒன்றுகூடக் கிடையாது. கலேவெல பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான். குருநாகல்–தம்புள்ளை வீதியை விட்டு உள்ளே திரும்ப வேண்டும். முன்பு செம்மண்ணாக இருந்தது, இப்போது கொங்கிரீட் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மதில். ஒவ்வொரு கேற்றுக்கு உள்ளேயும் மூன்று நாலு வீடுகள், நடுவில் ஒரு ஓட்டோ போகிற அளவுக்குப் பாதை. சீகிரியாவுக்குப் போகிற சுற்றுலா வான்கள் எங்களைத் திரும்பியும் பார்க்காமல் போய்விடும். இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று எங்கள் பிள்ளைகளே கேட்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். பிள்ளைகள் அப்படிக் கேட்டால் அலுமாரிக்கு மேலே இருக்கும் தகரப் பெட்டியை இறக்கச் சொல்வேன். அதற்குள் அரசாங்க முத்திரை குத்திய சில கடதாசிகள் இருக்கின்றன. எங்கள் ஒழுங்கையில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி உண்டு. ஒரு கேற்றுக்குள் ஏன் நாலு வீடு, அந்த நாலில் மூன்றுக்கு ஏன் பத்திரமே இல்லை என்ற கேள்விகளுக்கு அந்தப் பெட்டிதான் பதில் சொல்லும்.

கதையை 1840இல் தொடங்க வேண்டும். அந்த வருடத்தின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடு, தரிசு, ஆளில்லாத நிலம், பயிர் செய்யாத நிலம் எல்லாவற்றையும் முடிக்குரியது என்று எடுத்துக்கொண்டது. இல்லை என்கிறவர் அதை நிரூபிக்க வேண்டும். கண்டி இராச்சியமாக இருந்த பகுதிகளில் சேனை நிலத்துக்கு உரிமை கேட்கிறவர் அரசன் கொடுத்த சன்னஸ் பத்திரத்தைக் காட்ட வேண்டும்; அல்லது வழமையான வரி கட்டி வந்ததைக் காட்ட வேண்டும். சேனை என்பது காட்டை வெட்டி, எரித்து, ஓரிரு போகம் குரக்கனும் எள்ளும் விதைத்துவிட்டு, மண் இளைப்பாறட்டும் என்று வருடக்கணக்கில் விட்டு வைக்கிற நிலம். அதற்கு எந்தக் கிராமத்தானிடம் பத்திரம் இருக்கும்? இப்படித்தான் மாத்தளையின் வடபாதியில் மேட்டுநிலத்தில் பெரும்பங்கு அரசாங்கத்தின் கைக்குப் போனது.

எட்டு வருடத்துக்குள் இந்தப் பக்கம் கொதித்தது. டொரிங்டன் தேசாதிபதி துவக்குக்கு இரண்டரை ஷில்லிங், நாய்க்கு ஒரு ஷில்லிங் என்று வரி போட்டார். வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய், இல்லாவிட்டால் மூன்று ஷில்லிங் கட்டு என்று இன்னொரு சட்டம் வந்தது. 1848 யூலை 26ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவை அரசனாக்கினார்கள். கூட்டம் மாத்தளைக்கு இறங்கியது. சில நாட்களில் கலகம் அடக்கப்பட்டது. ஓகஸ்டில் கலகத்தின் இன்னொரு தலைவரான பூரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். பண்டாவைப் பிறகு பிடித்து மலாக்காவுக்கு நாடு கடத்தினார்கள். பாடப்புத்தகத்தில் இந்தக் கலகத்துக்கு நாய் வரியைத்தான் முதலில் சொல்வார்கள், பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும் என்பதால். நிலம் பறிபோன கோபத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பாடம் அரைப் பாடம்தான்.

ஆட்களைக் கொண்டுவந்து இந்தப் பக்கத்தில் குடியேற்றுவது வெள்ளைக்காரன் காலத்துக்கும் முந்திய பழக்கம். கலேவெலவை அண்டி வஹகோட்டை இருக்கிறது. அங்கே புனித அந்தோனியார் கோவில் திருவிழா யூன் மாதத்தில் நடக்கும். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பஸ் வரும். அந்தக் கத்தோலிக்கக் கிராமத்தின் மூத்த குடும்பங்கள், கண்டி அரசர்கள் அங்கே குடியிருத்திய போர்த்துக்கீசரின் வழிவந்தவர்கள். இப்போது பெயரில் மட்டும்தான் போர்த்துக்கல் மிச்சம். பேச்சும் உடுப்பும் கண்டிச் சிங்களம். எங்கள் ஆட்களுக்கும் இதே கதைதான். 1626இல் போர்த்துக்கீசர் கரையோர முஸ்லிம்களை விரட்டியபோது செனரத் அரசன் அடைக்கலம் கொடுத்தான். பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். கண்டி நாட்டுக்குள் இருந்தவர்கள் மாட்டுத் தவளங்களில் உப்பும் கருவாடும் ஏற்றி வந்து பாக்கு ஏற்றிப் போனார்கள். அரசனின் மடிகே என்ற போக்குவரத்துப் பிரிவில் ஊழியம் செய்தார்கள். அன்று அரசனுடைய வாய்ச்சொல்லில் நிலம் கிடைத்தது. பிறகு அது பேமிட் என்ற கடதாசியில் கிடைத்தது.

அந்தக் கடதாசிக்கு முன்னால் மலேரியா வந்தது. 1934 கடைசியில் தொடங்கி 1935க்குள் நாடு முழுக்க ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோன காய்ச்சல் அது. மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் எங்கள் எல்லைக்கு அப்பால் இருக்கும் குருநாகலும் ஒன்று. மழை பொய்த்து, ஓடுகிற ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கி, அதில் நுளம்பு பெருகியது. அதே 1935இல்தான் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது, இலக்கம் 19. டி. எஸ். சேனநாயக்க விவசாய, காணி அமைச்சராக இருந்து கொண்டுவந்தது. 1840இல் அரசாங்கம் எடுத்த நிலத்தைக் குடியானவனுக்குத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன சட்டம். ஆனால் முழுதாகக் கொடுக்கவில்லை. விற்கக்கூடாது, அனுமதியில்லாமல் ஈடு வைக்கக்கூடாது, குறித்த அளவுக்குக் கீழே துண்டாக்கக்கூடாது, வாரிசு ஒருவர்தான். குடியானவன் கடன்காரனிடம் நிலத்தைப் பறிகொடுப்பான், பரம்பரையாகப் பிரித்துப் பிரித்துப் பாய் அளவாக்கிவிடுவான் என்ற பயம் அந்த விதிகளுக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன்.

நாற்பதுகளின் நடுப்பகுதியில் டீ.டீ.ரீ. மருந்து அடிக்கத் தொடங்கியதும் காய்ச்சல் குறைந்தது. ஆட்கள் துணிந்து வந்தார்கள். சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் பழைய தேவஹூவ வாவியைத் திருத்தி, அதன் கீழே குடியேற்றத் திட்டம் போட்டார்கள். பின்னாளில் ஜப்பான் உதவியோடு அங்கே கிராம அபிவிருத்தி வேலையும் நடந்தது. குடியேற்றக்காரருக்கு வயலும் மேட்டுக்காணியும் ஏக்கர் கணக்கில் கிடைத்தன. வாய்க்கால் எட்டாத ஊர்களில் காணியில்லாத குடும்பங்களுக்குக் கிராம விஸ்தரிப்பு என்று வீட்டுக்கும் தோட்டத்துக்குமாகச் சின்னத் துண்டுகள் கொடுத்தார்கள். எங்கள் ஒழுங்கை அப்படிப் பிறந்ததுதான். காட்டைச் சர்வேயர் வந்து அளந்து, கல் நட்டு, கோடு பிடித்தாற்போல் அரை ஏக்கர் துண்டுகளாக வெட்டினார். அரை ஏக்கர் என்றால் 80 பேர்ச்.

வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அக்குறணையிலிருந்து துணிப் பொட்டணி தூக்கி வந்தவர். மாத்தளையில் பஸ் ஏறி, பலாபத்வெல வழியாகக் கலேவெலவில் இறங்கி, கிராமம் கிராமமாகச் சீத்தையும் சாரமும் விற்பார். அறுவடைக்குப் பிறகு காசு வாங்குவார். பிறகு வீதியோரத்தில் ஒரு பலகைக் கடையை வாடகைக்கு எடுத்தார். இந்த ஊர்ப் பெண்ணையே, எங்கள் மூத்தும்மாவை, முடித்தார். காணிக் கச்சேரி வைத்தபோது அவரும் போய் நின்றார். பிரிவு வருமான அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஆராச்சி. விண்ணப்பகாரரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எல்லாருக்கும் முன்னால் விசாரிப்பார்கள். காணி இருக்கிறதா? பிள்ளைகள் எத்தனை? மண்வெட்டி பிடிப்பாயா? அப்பா உள்ளங்கையைக் காட்டினாராம். துணி முழம் போடுகிற கை, தழும்பு இல்லை. “பிள்ளை நாலு, மாத்தயா” என்றாராம். அந்த நாலுதான் எங்களுக்குக் காணி வாங்கித் தந்தது.

பேமிட் கையில் வந்ததும் வீடு கட்ட வேண்டும், காணியைத் திருத்த வேண்டும், அது நிபந்தனை. காட்டுக் கம்பு நட்டு, வரிச்சுக் கட்டி, இரண்டு பக்கமும் களிமண் அறைந்து, இலுக்குப் புல் வேய்ந்தார்கள். சாணம் மெழுகிய நிலம். முன்னால் ஒரு திண்ணை, உள்ளே ஒரு அறை, பின்னால் சாய்ப்பு இறக்கிய குசினி. எதிர்க் காணி வஹகோட்டைக் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு, வலப்பக்கம் சிங்கள பௌத்தர் ஒருவருக்கு. மூன்று வீட்டுக்கும் ஒரே கிணறு. முதல் வருடங்களில் கிணறு வெட்டுகிற செலவை மூன்று பேரும் பங்கு போட்டார்கள். தென்னை, பலா, மா, தேசி, முருங்கை எல்லாம் முதல் ஐந்து வருடத்துக்குள் வைத்தவை. எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் பலா வைக்கச் சொன்னது அப்பாதான். கல்லைப் பிடுங்கலாம், பலாவைப் பிடுங்க முடியாது என்பார். அவர் சொன்னதில் சட்டமும் இருந்தது. 1951ஆம் வருடச் சட்டப்படி பலாவைத் தறிக்கவும் ஒரு பேமிட் வேண்டும்.

மண் வீடு கல் வீடானது மிளகாய்க் காசில். எழுபதுகளின் தொடக்கத்தில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை நெருக்கியது. செத்தல் மிளகாயும் வெங்காயமும் உள்ளூரில் விளைவதுதான் என்றானது. நாட்டின் மற்றப் பக்கத்தில் பாணுக்கு வரிசை நின்ற அந்த வருடங்களை எங்கள் ஊர் வேறு மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறது. அரிசியைச் சுதந்திரமாகக் கொண்டுபோக முடியாது, வீதியில் தடை போட்டுச் சாக்கைக் குத்திப் பார்ப்பார்கள், அது உண்மை. ஆனால் மிளகாய்க்கு வந்த விலை அதற்கு முன் யாரும் காணாதது. அப்பா கடையைப் பெரிய வாப்பாவிடம் விட்டுவிட்டுக் குத்தகைக் காணியில் மிளகாய் போட்டார். மண்வெட்டி பிடிப்பாயா என்று கேட்ட கேள்விக்கு அப்போதுதான் பதில் சொன்னார். செங்கல் பக்கத்துச் சூளையில் வந்தது. ஓடு தங்கொட்டுவப் பக்கமிருந்து லொறியில் வந்தது. திரும்பிப் போகும்போது லொறி மரக்கறி ஏற்றிப் போகும். நிலைக்கும் கதவுக்கும் பலா. அதற்குத் தனிப் பேமிட். சிமெந்துத் தரையில் சிவப்பு மெருகு போட்டு, விறாந்தையில் அரைச்சுவர் எழுப்பி, முன்பக்கம் வருடத்தை எழுதி வைத்தார்கள்: 1974. இன்றும் ஒழுங்கையில் வீட்டு முகப்புகளைப் படித்துக்கொண்டே போனால் 73, 74, 75 என்று வரும். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டு மிளகாய் இறங்கியது. அதோடு அந்த வரிசை நின்றுபோனது.

அடுத்த வரிசை வீடுகள் பின்வளவில் எழும்பின. பிள்ளைகள் வளர்ந்து முடித்தார்கள். அரசாங்கம் பிரிக்காதே என்று சொன்ன 80 பேர்ச்சை அப்பா ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கயிறு பிடித்து நாலாகப் பிரித்தார். ஆளுக்கு 20 பேர்ச். பெரிய வாப்பாவுக்கு முன்வீடு. வாப்பாவுக்கு இடப்பக்கம். சாச்சாவுக்குக் கிணற்றடி. மாமிக்குப் பின்னால் கொய்யாவடி. சாட்சிக்கு எதிர்வீட்டுக்காரரும் பள்ளித் தர்மகர்த்தாவும் நின்றார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, எழுதவும் முடியாது. எதிர்வீட்டிலும் வலப்பக்க வீட்டிலும் இதேதான் நடந்தது. சட்டத்தின் கண்ணில் எங்கள் ஒழுங்கை இன்னும் அரை ஏக்கர்த் தோட்டங்களின் வரிசை. உண்மையில் அது நகரத்தை ஒட்டிய நெருக்கமான குடியிருப்பு. நாலு பிள்ளை பெற்றவனுக்குக் காணி கொடுத்துவிட்டு, ஒரு பிள்ளைக்கு மட்டும் விட்டுப் போ என்று சொன்ன விதியை ஒரு குடும்பமும் மனதால் ஏற்கவில்லை. அதை மீறித்தான் இந்தக் குடியிருப்பு உருவானது.

மாமியின் வீடுதான் அந்த நாலில் உறுதியானது. எண்பதுகளில் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் அனுப்பிய காசில் கட்டியது. ஒழுங்கையிலேயே முதல் தட்டுக் கூரை. ஒப்பந்தம் முடிந்து வந்தவர் திரும்பப் போகவில்லை. அப்பா படுக்கையில் விழுந்திருந்தார். அவரையும், பிறகு மூத்தும்மாவையும் கடைசிவரை பார்த்தவர் மாமிதான்.

அப்பா வாரிசு நியமிக்காமல் மௌத்தானார். 1935 சட்டத்தின் 1981 திருத்தத்தின்படி காணி மனைவிக்குப் போகும். ஆனால் அனுபவிக்கலாம், கைமாற்ற முடியாது, வாரிசு நியமிக்கவும் முடியாது. மறுமணம் செய்தால் அதுவும் இல்லை. மூத்தும்மா தொண்ணூறுகளில் போனதும் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் பார்த்தார்கள். அதில் முதலில் ஆண் பிள்ளைகள், அவர்கள் இல்லாவிட்டால்தான் பெண் பிள்ளைகள். பேரப்பிள்ளைகளிலும் அப்படியே, சகோதரங்களிலும் அப்படியே. ஒவ்வொரு படியிலும் மூத்தவர் முந்துவார். 1935இல் எழுதிய அந்த வரிசையில் எங்கள் இஸ்லாமிய வாரிசுரிமைக்கு இடமில்லை; எங்கள் முறையில் மகளுக்குக் குறைவாகவேனும் ஒரு பங்கு உண்டு. கண்டிச் சிங்களவரின் பின்ன வழக்கத்துக்கும் இடமில்லை. வீட்டோடு மருமகனை எடுத்த மகளுக்கு அந்த வழக்கத்தில் உரிமை உண்டு. எல்லாச் சமூகத்துப் பெண்களையும் சமமாகத் தள்ளிவைத்ததில் மட்டும் அது பேதம் பார்க்கவில்லை. எண்பது பேர்ச்சும் பெரிய வாப்பாவின் பெயரில் ஏறியது.

யாரும் சண்டை பிடிக்கவில்லை. பெரிய வாப்பா இருக்கும்வரை பிடிக்க ஒன்றும் இருக்கவுமில்லை. கஷ்டம் வங்கியில்தான் தெரிந்தது. 1999இல் தம்புள்ளையில் விசேட பொருளாதார மத்திய நிலையம் திறந்ததும் பெரிய வெங்காயமும் மரக்கறியும் அங்கே போய்க் குவிந்தன. லொறி வைத்திருந்தவன் பிழைத்தான். சாச்சாவின் மகன் லொறி வாங்கக் கடன் கேட்டுப் போனபோது, வீடு உன்னுடையதாக இருக்கலாம், நிலம் யாருடையது என்று கேட்டார்கள். அவனிடம் காட்டுவதற்குக் கடதாசி இல்லை. இன்னொரு முறை பெட்டியை இறக்கியது 2012 ஏப்ரலில். தம்புள்ளைப் பள்ளிவாசலுக்குள் கூட்டம் புகுந்தது, புனித பூமியில் அனுமதியில்லாத கட்டடம் என்ற கோஷத்தோடு. அன்று இரவு எங்கள் வீட்டில் எல்லாக் கடதாசியையும் பாயில் பரப்பி வைத்துப் படித்தோம். நாலு வீட்டில் மூன்று வீடு கடதாசியில் இல்லவே இல்லை. வலப்பக்க வீட்டு ஐயா வந்து தங்கள் பேமிட்டையும் காட்டினார். அவர்களுக்கு நாலில் இரண்டு வீடு கடதாசியில் இல்லை.

எண்பதுகளில் சுவர்ணபூமி, தொண்ணூறுகளில் ஜயபூமி என்று அரசாங்கங்கள் பேமிட்டை அளிப்புப் பத்திரமாக மாற்றிக் கொடுத்தன. எழுத்து தங்கமானது, நிபந்தனைகள் அப்படியே இருந்தன. உண்மையான மாற்றம் 2022இல் வந்தது. அந்த வருடத்தின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மூன்றாம் அட்டவணையில் மகன், மகள் என்ற முன்பின்னை எடுத்துவிட்டுப் பிள்ளைகள் என்று வைத்தது. எண்பத்தேழு வருடத்துக்குப் பிறகு. மாமிக்கு அது உதவவில்லை. அந்தக் காணிக்கு வாரிசு யார் என்பது எப்போதோ முடிவாகிவிட்டது. 2024 பெப்ரவரியில் தம்புள்ளை ரங்கிரி விளையாட்டரங்கில் உறுமய திட்டத்தைத் தொடங்கி, இருபது லட்சம் குடும்பங்களுக்கு நிபந்தனையில்லாத முழு உரிமை கொடுப்பதாக அறிவித்தார்கள். ஒழுங்கை முழுக்க சந்தோஷம். நான் மட்டும் கணக்குப் போட்டேன். முழு உரிமை யாருக்கு வரும்? பேமிட் பதிவு லெஜரில் பெயர் இருப்பவருக்கு. இப்போது அந்தப் பெயர் பெரிய வாப்பாவின் மூத்த மகன், என் நானா. பேமிட்டாக இருக்கும்வரை அவர் நினைத்தாலும் மாமியின் வீட்டை விற்க முடியாது. முழு உரிமை வந்தால் விற்கலாம். சட்டப்படி நாலாகப் பிரித்து எழுதிக்கொடுக்கவும் செய்யலாம். சுதந்திரம் இரண்டு பக்கமும் வெட்டும்.

நானா நல்லவர். முழு உரிமை வந்ததும் பிரித்து எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், தருவார் என்றும் நம்புகிறேன். ஆனால் ஒரு பெண் உழைத்துக் கட்டிய வீடு இன்னொருவரின் நல்ல மனதில் நிற்கக்கூடாது. 1840இல் பத்திரம் இல்லை என்று நிலத்தை எடுத்தவர்களும், 1935இல் பத்திரத்தோடு நிலத்தைக் கொடுத்தவர்களும், அந்த நிலத்தில் உண்மையில் யார் உழைக்கிறார்கள் என்று கேட்கவில்லை. எங்கள் ஒழுங்கையின் வரலாற்றில் என் தீர்ப்பு அவ்வளவுதான்.

கலேவெலவில் மட்டும் இந்தக் கதை இல்லை. குருநாகலிலும் அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் வவுனியாவிலும் அம்பாறையிலும் பேமிட் காணியில் இருக்கிற எந்தக் குடும்பத்திலும் இதைக் கேட்கலாம். உங்கள் வீட்டில் பேமிட் அல்லது அளிப்புப் பத்திரம் வைத்திருக்கும் பெரியவர் உயிரோடு இருந்தால், இந்த மாதமே அவரைப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போங்கள். யார் பெயரில் விடப்போகிறார் என்பதை எல்லாப் பிள்ளைகளையும், பெண் பிள்ளைகளையும் வைத்து முதலில் பேசிக்கொள்ளுங்கள். வாரிசு நியமனப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வைப்பதோடு நின்றுவிடாமல், அது பதிவாகிவிட்டதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். உரிமையாளர் மௌத்தாகும் முன் பதிவாகாத நியமனம் சட்டப்படி செல்லாது.